அம்மாவின் ஆபரேஷனும் 5 மில்லி ரத்தமும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், புலம்பல் பிறகு. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நான் லீவில் ஊருக்கு வந்த வாரத்திலேயே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இதய டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாரையும் பார்த்து, சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டார். நான் இருக்கும் இங்கிலாந்தில் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்ததிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு, அதையே அவர்கள் எட்டிப் பல வருடம் ஆகிறது. ஆகவே வேகத்திலும் கைத்திறமையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. துளை போட்ட இடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, அது போதும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்தார். "அட்டெண்டர் யாரு?" தம்பி எழுந்து நின்றான். சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் தமிழில் இரண்டு வரி: எல்லாம் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டது, முழு மனதோடு சம்மதிக்கிறேன். யாரும் எதையும் விளக்கவில்லை. "இங்க, இங்க, அப்புறம் பின்னாடி" என்று பேனாவால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார், தம்பி கையெழுத்துப் போட்டான், உறவுமுறை என்ற இடத்தில் மகன் என்று எழுதினான், சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா ரிட்டயர்ட் கணக்கு டீச்சர். படிவத்தில் கேட்டிருப்பது அவருடைய வயிற்றைப் பற்றி, ஆனால் அவரிடம் அந்தத் தாளை யாரும் நீட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. சிஸ்டர் போன பிறகு என்னிடம் மெதுவாக, "கல்லை மட்டும் எடுப்பாங்களா, பையையே எடுத்துருவாங்களா?" என்றார். விடிந்தால் ஆபரேஷன்!

பழியை ஆஸ்பத்திரி மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ஓ.பி.யில் பார்த்த அன்றே தம்பி டாக்டரை வராந்தாவில் பிடித்து, "அம்மாகிட்ட ரொம்ப விளக்க வேண்டாம் சார், பயந்துருவாங்க, எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறான். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் இப்படி எல்லா வீட்டு மகனும் சொல்லிச் சொல்லித்தான், நோயாளியைத் தாண்டி அட்டெண்டரிடம் பேசுவது டாக்டர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்கூட தம்பியின் வாட்ஸ்அப்புக்குத்தான் வந்தது, அவன் அதைக் குடும்ப குரூப்பில் போட்டான், அம்மாவின் பித்தப்பையை அம்மாவுக்கு முன்னால் துபாயில் இருக்கும் சித்தப்பா பார்த்தார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பி.ஜி. டாக்டர் வந்தார், இளம் பையன். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, "சர்ஜரியில ரெண்டாவது வருஷம் படிக்கிறேன்மா" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்ட முதல் ஆள் அவர்தான். (இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது யாருமே பெயர் சொல்லவில்லை என்பதைப் பார்த்து, 2013ல் இதை ஓர் இயக்கமாகவே ஆரம்பித்தார். அவர் 2016ல் இறந்துபோனார், அங்கே நர்ஸ்களின் சட்டையில் அவர் ஆரம்பித்த பேட்ஜை இன்றும் பார்க்கலாம்.)

விஷயம் இதுதான்: எம்.எஸ். முடிக்க அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை கொடுத்தாக வேண்டும், அதற்காக அம்மாவிடமிருந்து கூடுதலாக 5 மில்லி ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்திருக்கிறார். கையில் தமிழில் அச்சடித்த தகவல் தாள். அதை வரி வரியாக வாசித்தார். எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு, ஊசி குத்தும் வலி இருக்கும், உங்கள் பெயர் எங்கேயும் வராது, இதனால் உங்களுக்கு நேரடியாக ஒரு பலனும் கிடையாது, வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது, சரி சொன்ன பிறகு மனசு மாறினாலும் விலகிக்கொள்ளலாம், சந்தேகம் வந்தால் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவை இந்த நம்பரில் கூப்பிடலாம். தம்பி பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தான். "இல்ல சார், அம்மாதான் போடணும்" என்றார் பையன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுசையும் இன்னொரு தரம் படித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்து, கையெழுத்துப் போட்டார். போகும்போது ஒரு பிரதியை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். கல்லா பையா என்ற கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார், தகவல் தாளின் பின்பக்கத்தில் ஈரல், பித்தப்பை, குழாய் எல்லாம் படம் போட்டு. கல்லை மட்டும் எடுத்தால் அந்தப் பையில் மறுபடி கல் சேரும், அதனால் பையோடு எடுப்பதுதான் வழக்கம், பித்தநீர் ஈரலில் சுரப்பதால் பை இல்லாமலும் சாப்பாடு செரிக்கும் என்று அம்மாவுக்குப் புரிந்தது அப்போதுதான்.

ஆக, 5 மில்லி ரத்தத்துக்கு ஒரு கால் மணி நேரம், ஓர் உறுப்பையே வெட்டி எடுப்பதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பையன் நல்லவர், சிஸ்டர் கெட்டவர் என்று இதை முடித்துவிட முடியாது. அந்த சிஸ்டர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் எல்லாக் கட்டிலையும் பார்த்துக்கொண்டவர். ஆராய்ச்சிக்கு முன்கூட்டியே தடுத்து நிறுத்தும் ஆள் இருக்கிறார், அதுதான் வித்தியாசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள்படி தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். நெறிமுறைக் குழு அந்தத் தாளைப் பார்த்து ஒப்புதல் தராமல் ஆய்வைத் தொடங்கவே முடியாது.

ஆபரேஷனுக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நோயாளி சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் என்றால் அவர் சார்பில் வேறு யாரும் சம்மதம் தர முடியாது. அந்த வழக்கில் மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்கு அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை எடுத்திருந்தார்கள். அப்படியானால் எங்கள் தம்பியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? உண்மையில் ஒன்றுமில்லை. ஆனால் இதை யாராவது பார்ப்பது கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், அதுவரை அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் இருந்தால் போதும். இங்கிலாந்தும் ஒன்றும் பிறவியிலேயே யோக்கியமில்லை, நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அங்கேயும் 2015ல் மாண்ட்கோமரி வழக்குத் தீர்ப்பு வந்துதான் டாக்டர்கள் மாற வேண்டியிருந்தது.

பையன் போனதும் தம்பி முணுமுணுத்தான், அம்மாவைச் சோதனை எலி ஆக்குறாங்க என்று. அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், மருந்துச் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வதே 2009ல்தான் இங்கே கட்டாயமானது. ஆனால் காசநோயாளி சானடோரியத்தில்தான் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பியபோது, 1956ல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வுதான் வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தாலும் அதே அளவு குணமாகும், வீட்டிலிருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று காட்டியது. அதில் சேர்ந்தவர்களும் யாரோ ஒருவருடைய அம்மாவும் அண்ணனும்தானே என்றேன். தம்பி பதில் சொல்லவில்லை.

கூட்டம் நெரிகிற ஆஸ்பத்திரியிலும் நோயாளியிடம் பேச முடியும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அதே லீவில் அத்தையைக் கண்புரைக்காக அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த இடம், இப்போது உள்ளே நுழைந்தால் திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் ஒரு கவுன்சலர் அத்தையிடம் தனியாகப் பேசினார், எந்த லென்ஸ், ஆபரேஷன் அன்று என்ன நடக்கும், வீட்டுக்குப் போய் என்ன செய்யக் கூடாது என்று. நான் குறுக்கே பேசியபோது, "அவங்களே சொல்லட்டும் சார்" என்றார். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் பலர் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்து வந்தவர்கள், ஆஸ்பத்திரியே எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறது. விளக்கிச் சொல்வது என்பதே ஒருவருடைய வேலையாக இருக்கிறது, நேரம் கிடைத்தால் செய்கிற தர்ம காரியமாக இல்லை.

மாமா பெண் ஓர் அரசுக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். 2019ல் சேர்ந்த பேட்ச் முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே அணுகுமுறை, நெறிமுறை, பேசும் முறை என்று தனிப் பாடம் உண்டு, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை நடித்துக்கூடப் பழகுகிறார்கள். "வகுப்புல நல்லாத்தான் மாமா இருக்கும். வார்டுக்கு வந்தா சீனியர் எப்படிப் பேசுறாரோ அப்படித்தான் நாங்களும் பேசுவோம், வரிசை வராந்தா தாண்டி நிக்கும்" என்றாள். எனக்கு இது நியாயமாகவே பட்டது. சீஃப் ஒருவர் ரவுண்ட்ஸில் உட்கார்ந்து பேசினால் அவர் பின்னால் வருகிற பத்துப் பேரும் கற்றுக்கொள்வார்கள், பாடப் புத்தகம் அந்த வேலையைச் செய்யாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உபயோகமாக ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள், ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். நான் கேட்டதும் ரெக்கார்ட்ஸ் கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு சார், கேஸ் கீஸ் போடப் போறீங்களா?" என்றார். இல்லை, அம்மா அடுத்த வருடம் என்னிடம் வந்து இருக்கப்போகிறார், அங்கே டாக்டர் கேட்பார் என்றேன். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டார், கொடுத்தேன், மறுநாள் சாயங்காலம் நகல் கிடைத்தது.

எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் ரிப்போர்ட்டுக்கு எந்த நம்பர் கொடுக்கட்டும் என்று லேபில் கேட்டபோது அம்மா தன் நம்பரைச் சொன்னார், ஏற்கனவே இருந்த தம்பியின் நம்பரை எடுத்துவிடச் சொன்னார். சாதாரண வீக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதைக் குடும்ப குரூப்பில் போடவில்லை என்று சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்.