பார்வையாளர் மாடமா, நேரலையா: நாடாளுமன்றத்தை எங்கிருந்து பார்ப்பது?

"எல்லாம்தான் டிவியில் வருகிறதே, எதற்கு பாஸ் வாங்கி, வரிசையில் நின்று, சோதனையெல்லாம் முடித்து உள்ளே போக வேண்டும்?" நாடாளுமன்றக் கூட்டத்தை நேரில் பார்க்கச் சொன்னால் பலரும் கேட்கும் கேள்வி இது. பேசுகிறவரைப் பார்க்க நேரலை போதும். பேசாதவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாடத்துக்குத்தான் போக வேண்டும். அவையில் பாதி விஷயம் அவர்களிடம்தான் நடக்கிறது என்பது என் வாதம்.

கேமராவுக்கும் விதிகள் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் மக்களவை 1989 நவம்பர் 21 அன்றுதான் தொலைக்காட்சி கேமராக்களை உள்ளே விட்டது. அப்போது போட்ட விதிப்படி, பேசுகிற உறுப்பினரின் தலையையும் தோளையும்தான் காட்டலாம். அமளி வந்தால் சபாநாயகர் பக்கம் கேமராவைத் திருப்பிவிட வேண்டும். பிற்பாடு தளர்த்தினார்கள் என்றாலும், எதைக் காட்டுவது என்பதை முடிவு செய்வது இன்றும் பார்ப்பவர் இல்லை.

இதற்கு அமெரிக்காவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரதிநிதிகள் அவையின் நேரலை 1979இல் தொடங்கியது. அன்றைய வேலை முடிந்த பிறகு, யாருமே இல்லாத அவையில், சில குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் எதிர்த்தரப்பு எதிரிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் சவால் விட்டுப் பேசிவந்தார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு, பதில் சொல்ல ஆளில்லாமல் எதிர்த்தரப்பு வாயடைத்து நிற்பதுபோல் தோன்றியது. 1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல், காலி நாற்காலிகளையும் காட்டச் சொல்லி கேமராவைத் திருப்பவைத்தார். பெரிய சண்டையே வந்தது. ஆனால் மாடத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மாடத்திலிருந்து மட்டும் தெரிகிற இன்னொன்று துண்டுச் சீட்டு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு குறிப்பான கேள்வி கேட்கிறார். நேரலையில் அவர் முகம் மட்டும் தெரிகிறது. மேலிருந்து பார்த்தால், அமைச்சர் கோப்பைப் புரட்டுகிறார், கிடைக்கவில்லை, அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்புகிறார். அங்கே ஒருவர் அவசரமாக எதையோ எழுதி மடித்துக் கொடுக்க, சீட்டு கைமாறி முன்வரிசைக்கு வந்து சேர்கிறது. கேமரா அமைச்சருக்குத் திரும்பும்போது அவர் எல்லாம் தெரிந்தவராக எழுந்து பதில் சொல்கிறார். எந்தக் கேள்வி அரசை உண்மையில் உலுக்கியது என்பது அந்தச் சீட்டு வரும் நேரத்தில்தான் தெரியும்.

சரி, நேரலையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேசுவது யார், எந்தத் தொகுதி என்று திரையில் பெயர் வரும். மாடத்தில் அந்த உதவி கிடையாது. புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம். நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஜெர்மனியின் நாடாளுமன்றமான பன்டஸ்டாக்கில் பார்வையாளருக்குக் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம். நீண்ட விவாதமென்றால் நடுவில் எழுந்து வர வேண்டியதுதான். ஒரு மசோதாவின் வாதத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர வேண்டுமென்றால் நான் நேரலையைத்தான் சொல்வேன்.

அப்புறம், எந்த நேரத்துக்குப் போவது? எல்லோரும் கேட்பது கேள்வி நேரத்தைத்தான். லண்டனில் புதன்கிழமை நண்பகல் பிரதமர் பதில் சொல்லும் அரைமணி நேரத்துக்கு இருக்கும் கிராக்கி தெரிந்ததே. உறுப்பினர்கள் 650 பேர், இருக்கைகள் 427தான்; உறுப்பினர்களே நின்றுகொண்டிருப்பார்கள். சூடு இருக்கும், சத்தம் இருக்கும். ஆனால் டிவி நன்றாகக் காட்டுவதும் அந்த அரைமணி நேரத்தைத்தான். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் சாதாரண நாளில், ஒரு மசோதா விவாதத்துக்குப் போங்கள். இடம் எளிதாகக் கிடைக்கும். யார் உட்கார்ந்து கேட்கிறார், யார் தன் முறை முடிந்ததும் எழுந்து போகிறார் என்று நிதானமாகப் பார்க்கலாம். மேலவைக்கும் இதே கணக்குதான்.

அதைவிட நல்ல இடம் குழுக் கூட்டம், அனுமதி இருந்தால். லண்டனிலும் வாஷிங்டனிலும் பெரும்பாலான குழு விசாரணைகளில் பொதுமக்கள் உட்காரலாம். சாட்சி சொல்பவருக்குச் சற்றுப் பின்னால், அதே அறையில். இந்தியாவில் நிலைக்குழுக்கள் மூடிய கதவுக்குள் கூடுகின்றன. மசோதாக்கள் உண்மையில் அலசப்படும் இடமே அதுதான் என்பதால், இது எனக்கு உண்மையான குறையாகப் படுகிறது.

கண்ணாடித் தடுப்பும் கெடுபிடியும் எரிச்சல்தான். காரணம் இல்லாமல் வரவில்லை. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்க அவையின் மாடத்திலிருந்து சுட்டதில் ஐந்து உறுப்பினர்கள் காயமடைந்தார்கள். 2023 டிசம்பர் 13 அன்று இந்திய மக்களவை மாடத்திலிருந்து இருவர் கீழே குதித்து மஞ்சள் புகை பரப்பினார்கள். ஆனால் தடுப்புகள் எல்லாமே பாதுகாப்புக்காக வைத்தவை அல்ல. லண்டனில் பார்வையாளராக வந்த பெண்களை ஓர் உலோகக் கம்பிச் சட்டகத்துக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். 1908 அக்டோபரில் வாக்குரிமை கேட்ட இரண்டு பெண்கள் அந்தச் சட்டகத்திலேயே தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொள்ள, சட்டகத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்துத்தான் அவர்களை அகற்ற முடிந்தது. அது நிரந்தரமாக அகற்றப்பட்டது 1917இல். இப்படிப் போராடிப் பெற்ற இருக்கையை டிவி இருக்கிறதே என்று காலியாக விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

போவதென்றால் அன்றைய அலுவல் பட்டியலை முதலிலேயே படித்துவிடுங்கள். பல அவைகள் அதை இணையத்தில் போடுகின்றன. கைப்பேசியைப் பெரும்பாலும் வெளியே விட வேண்டியிருக்கும், கைதட்டக் கூடாது. உள்ளே பேச்சைக் குறித்துக்கொள்ளச் சிரமப்பட வேண்டாம், அது அவைக்குறிப்பில் வந்துவிடும். முன்வரிசையையும் காலி இருக்கைகளையும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே ஒரு மணி நேரத்தின் பதிவைப் போட்டுப் பாருங்கள். கேமரா எதை விட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.