வண்டி பளபளத்தது, ஆயில் கருகிக் கிடந்தது: ஸ்கூட்டர் சர்வீஸில் நான் ஏமாந்த கதை

காரைக்குடியில் ஒரு கடையில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டு 3,015 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு அந்தக் கடையைச் சுற்றியே போய்விடும். இதே வேலையை வேறு கடைகளிலும் செய்யலாம்.

வண்டி 110 சிசி, 14,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. வீடு பள்ளத்தூரில், வேலை காரைக்குடியில். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. "சார், பெல்ட் வெடிப்பு விட்டிருக்கு. ரோலரும் தேஞ்சு போச்சு. நடுரோட்டுல அறுந்தா அப்படியே நின்னுரும், வீட்ல லேடீஸ் ஓட்டுவாங்கள்ல?" எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெல்ட்டைத்தான் சொல்கிறார். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். சரி, மாத்திருங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு 'சரி'க்கு விலை 1,200 ரூபாய்.

சாயங்காலம் போனால் வண்டி கல்யாண வீட்டுக் கார் மாதிரி நிற்கிறது. டயருக்குக்கூடக் கறுப்புப் பூசியிருந்தார்கள். பில்லில் எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பெல்ட், ரோலர், அப்புறம் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு 120 ரூபாய். அது என்ன என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் வண்டிக்கு ஆயில் மாற்றினால் 700 மில்லிதான் பிடிக்கும். அப்படியிருக்க ஒரு லிட்டர் எங்கே போனது என்பதும் அப்போது தோன்றவில்லை. பளபளப்பில் மயங்கிவிட்டேன்.

நாலாம் நாள் கோட்டையூர் தாண்டும்போது கருகல் வாடை. இழுவையும் இல்லை. பின்னால் வந்த பையன், "அண்ணே, புகை வருதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை முகப்பில் சென்டர் ஸ்டாண்டு போட்டேன். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் ஆத்தா விடமாட்டார்கள் என்று கீழே பழைய பேப்பரை விரித்தேன். எஞ்சின் ஆறியிருந்தது. ஆயில் மூடியோடு இருக்கும் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். என் வண்டியின் கையேட்டில் அப்படித்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது. மேல்கோட்டுக்கும் மேலே ஆயில் நிற்கிறது. நிறமோ கருப்பட்டிப் பாகு. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், நாலு நாளில் இப்படிக் கறுக்காது. பழைய ஆயிலை வடிக்காமல் அதன் தலையிலேயே கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் கியர் பெட்டியின் அடியில் கை விட்டேன். ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையே தெரியவில்லை. செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தகடு தகடாக வருகிறது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்த அடை உடைந்திருக்க வேண்டாமா? தண்ணீர் அடித்ததுகூட மேலே மட்டும்தான்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்க மூலையில் குளவி கட்டிய மண்கூடு, காய்ந்து முழுசாக இருக்கிறது. ஃபில்டர் தாளில் நம்ம ஊர்ப் புழுதி, அதற்கு மேல் எண்ணெய் ஈரம். ஆயில் அளவுக்கு மீறினால் எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக இங்கேதான் ஏறும். புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் காரணம் அதுதான்.

பெல்ட்டை நானே பிரிக்கத் துணிவில்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். கவரைக் கழற்றியவர் பெல்ட்டை வளைத்துப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது கம்பெனியில இருந்து வந்த பெல்ட்டு. வெடிப்பே இல்லை. இன்னும் ஓடும்." கையேட்டிலும் 24,000 கிலோமீட்டரில்தான் மாற்றச் சொல்லியிருக்கிறது. கெடவும் இல்லை, மாற்றவும் இல்லை. கெட்டுப்போனதாகப் பொய், மாற்றியதாக இன்னொரு பொய், இரண்டுக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். இதுதான் இன்னும் ஆறவில்லை.

பில்லோடும் போட்டோக்களோடும் கடைக்குப் போனேன். "பழைய பெல்ட்டைக் காட்டுங்க" என்றேன். "ஸ்கிராப்ல போயிருச்சு சார்." "அப்ப என் வண்டியில இருக்கிறது என்ன?" "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்." பையன் லீவாம். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் லீவு. கடைசியில் அங்கேயே நின்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். மறுநாள் 1,200 ரூபாய் போனுக்கு வந்து விழுந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். ஆயில், ஃபில்டர், பிளக் காசு இன்னும் வரவில்லை. பில்லையும் போட்டோக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது எஞ்சின் ஆயிலை நானே மாற்றுகிறேன். 700 மில்லி பாட்டில், ஒரு ஸ்பேனர், வடிக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர், அவ்வளவுதான். எஞ்சின் உடம்பு அலுமினியம் என்பதால் முறுக்கும்போது பலத்தைக் காட்டக் கூடாது. மரை போனால் 3,015 எல்லாம் காசே இல்லை என்று ஆகிவிடும். ஃபில்டரைக் காற்றடித்து ஊதலாம் என்று சிலர் சொல்வார்கள், எண்ணெய் தோய்த்தே செய்த இந்த மாதிரித் தாள் ஃபில்டரில் அது ஆகாது, மாற்றத்தான் வேண்டும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். வாய்க்காலில் ஊற்றினால் அடுத்த மழைக்கு ஊருணிக்குத்தான் போகும்.

பெல்ட், பிரேக் வேலைக்கு இன்னும் வெளியேதான் விட வேண்டும். அதற்காக ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், அது உட்காரும் இடத்திலும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருக்கிறேன். மகளின் சிவப்பு நெயில் பாலிஷ்தான். போல்ட் திரும்பினால் கோடு விலகிவிடும். ஸ்கூட்டருக்கு எதுக்கு அப்பா மருதாணி என்று கேட்கிறாள்.