குளிர் மலைகளுக்கு ஏற்ற ஸ்லீப்பிங் பேக்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலையேற்றத்துக்கும் கூடாரத் தங்கலுக்கும் பல ஆண்டுகளாக இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகளை, அதாவது உள்ளே புகுந்து உறங்கும் பைகளை, பயன்படுத்தி வருகிறேன். ஒன்று பாலியெஸ்டர் இழை நிரப்பியது. மற்றொன்று வாத்தின் மென்தூவி நிரப்பியது. முன்னது நீலகிரி, கொடைக்கானல், மூணாறு மலைகளுக்கு. பின்னது இமயமலையின் குளிர்காலத்துக்கு. புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வரை தாங்கும்?" என்பதுதான். பையின் மீது அச்சிட்ட எண்ணோடு, அதன் அடியில் விரிப்பதையும், பை நம் உடலோடு பொருந்துவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். ஐரோப்பாவில் 2002-இல் வந்த ஈஎன் 13537 தரநிலையும், 2016-இல் அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 23537 தரநிலையும், சூடேற்றிய மனித உருவப் பொம்மையை உள்ளாடையுடன் பைக்குள் கிடத்திச் சோதித்து மூன்று வெப்பநிலைகளைக் குறிக்கின்றன. 'கம்ஃபர்ட்' என்பது தளர்வாகப் படுத்திருக்கும் சராசரிப் பெண் ஒருவர் குளிரை உணராமல் உறங்கக்கூடிய அளவு. 'லிமிட்' என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு படுக்கும் சராசரி ஆண் ஒருவர் எட்டு மணி நேரம் விழிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உறக்கத்துக்கான அளவே அல்ல. ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருப்பதற்கான அளவு, அப்போதும் கை கால் விரல்கள் குளிரில் உறைந்து பாதிக்கப்படலாம். கடைகளில் பெரிய எழுத்தில் தெரிவது பல நேரங்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது எண்ணாக இருக்கிறது. கம்ஃபர்ட் அளவுக்கும் லிமிட் அளவுக்கும் இடையே பொதுவாக ஐந்தாறு டிகிரி வேறுபாடு இருப்பதால், சிறு எழுத்தில் உள்ள கம்ஃபர்ட் எண்ணைத் தேடிப் படித்து, அதை மட்டுமே கணக்கில் கொள்ளும்படி அனைவருக்கும் சொல்கிறேன்.

செல்லும் இடத்தின் குளிரைத் தோராயமாகக் கணிப்பது கடினமன்று. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படிகிறது. அந்த இரவுகளுக்கு 0 டிகிரி கம்ஃபர்ட் அளவுள்ள பை வேண்டும். மற்ற மாதங்களில் நம் மலைகளுக்கு 5 டிகிரி போதும். உத்தராகண்டில் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா சிகரத்துக்குப் பனிக்காலத்தில் செல்வோர், கூடாரத்துக்கு வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும் என்று கருதியே ஆயத்தமாக வேண்டும். அங்கு கம்ஃபர்ட் அளவு −5 அல்லது அதற்கும் கீழே இருப்பது நல்லது.

இனி, பலரும் கவனிக்காத பாய். பைக்குள் நாம் படுத்தவுடன் உடலின் எடையால் கீழ்ப்பக்க நிரப்பு நசுங்கிவிடுகிறது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது இழையோ தூவியோ அல்ல, அவற்றுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுதான். அது வெளியேறியதும் முதுகுக்கும் தரைக்கும் இடையே தடுப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே தரையின் குளிரை நிறுத்துவது முழுவதும் பாயின் வேலை. பாயின் தடுப்புத் திறனை 'ஆர்' மதிப்பு என்கிறார்கள்; 2020 முதல் முன்னணி நிறுவனங்கள் ஒரே சோதனை முறையில் அளந்து அதை அச்சிடுவதால் ஒப்பிடுவது எளிதாகியிருக்கிறது. மடக்கும் நுரைப் பாய்க்கு இது 2-ஐ ஒட்டி இருக்கும். உள்ளே தடுப்பு அடுக்கு இல்லாத சாதாரணக் காற்று மெத்தை கனமாகவும் மென்மையாகவும் இருந்தாலும், அதனுள் காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் குளிருக்கு உதவாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய்களை விரித்தால் அவற்றின் மதிப்புகள் கூடும் என்பதால், பனி மீது தங்கும்போது நுரைப் பாயின் மேல் தடுப்பு அடுக்குள்ள காற்றுப் பாயை விரிக்கிறேன். பைக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பாய்க்கு மாற்றுவது, நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை.

தூவியா, செயற்கை இழையா என்பதில் என் கருத்து இடத்தைப் பொறுத்தது. தூவி எடை குறைவு, சிறிதாகச் சுருங்கும், நன்கு பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும். அதன் தரத்தை 'ஃபில் பவர்' எண் காட்டுகிறது: ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிந்து நிற்கிறது என்பதே அது, 600-க்கு மேல் இருந்தால் நல்லது, 800 உயர்தரம். ஆனால் நனைந்தால் தூவி கட்டிதட்டி வெப்பம் காக்கும் திறனைப் பெரிதும் இழக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடுபனியிலும் சாரலிலும் கூடாரத்தின் உட்புறமே ஈரம் கோத்துக்கொள்ளும்போது, பாலியெஸ்டர் பை ஈரப்பதத்தோடும் ஓரளவு கதகதப்பைத் தருகிறது, விரைவில் காய்ந்தும் விடுகிறது. அது சுமையில் கூடுதல் இடத்தை அடைப்பது உண்மை. ஆயினும் தென்னிந்திய மலைகளுக்கு மட்டும் செல்பவர் தூவிக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

வடிவத்தில், கால் பக்கம் குறுகும் மம்மி வடிவமே குளிருக்கு உகந்தது. செவ்வகப் பையில் புரள வசதி உண்டு, ஆனால் உடல் சூடேற்ற வேண்டிய வெற்றிடமும் அதிகம். கடையிலேயே உள்ளே படுத்து, ஜிப்பை இழுத்து மூடி, பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். தோள் இறுகக் கூடாது, பாதம் முனையை அழுத்தக் கூடாது. தலையுறை, கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் தடித்த பட்டி, ஜிப்பின் உட்புறம் நெடுகிலும் காற்றைத் தடுக்கும் திணித்த குழாய் ஆகிய மூன்றும் −5 டிகிரிப் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். ஜிப் துணியைக் கடிக்காமலிருக்க அதன் ஓரத்தில் விறைப்பான நாடா தைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில்தான் பையின் ஆயுள் இருக்கிறது. பயணம் முடிந்ததும், அதைச் சுருக்கி அடைத்து எடுத்துச்செல்லும் சிறிய அழுத்துப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் நிரப்பு மீண்டும் எழும்பாது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூஞ்சைதான் முதல் எதிரி. பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டு, வெயில் தெளிந்த நாட்களில் நிழலில் காற்றாட விரித்து வைக்கிறேன். என் பாலியெஸ்டர் பையில் இடுப்புப் பகுதி இப்போது மெலிந்திருக்கிறது, மூணாறின் குளிர்கால இரவுக்குக் கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. தூவிப் பையில் அத்தகைய தேய்வு தெரியவில்லை. அதைத் துவைப்பது மட்டும் பெரும்பாடு: தூவிக்கென விற்கும் மென்சோப்பு, முன்பக்கம் திறக்கும் இயந்திரம், பிறகு குறைந்த சூட்டில் டென்னிஸ் பந்துகளுடன் உலர்த்தியில் பல மணி நேரம். ஈரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் எடை தாங்காமல் உள் தையல் கிழியும், இரு கைகளாலும் அள்ளி எடுக்க வேண்டும். அடிக்கடி துவைக்கும் தேவையைத் தவிர்க்க, பட்டு அல்லது பருத்தி உள்ளுறை ஒன்றைப் பயன்படுத்துகிறேன். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதிலேயே தங்கிவிடும், சிறிது வெப்பமும் கூடும்.

ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் இமயமலைக்குச் செல்பவர்கள் தூவிப் பை வாங்க வேண்டியதில்லை. மலையேற்ற ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் பையைத் தாங்களே தருகிறார்கள். சொந்தமாக உள்ளுறையையும் நல்ல பாயையும் எடுத்துச் சென்றால் போதும். கிளம்பும் முன் அவர்கள் தரும் பையின் கம்ஃபர்ட் அளவைக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.