காரைக்குடி ஹாக்கி கோச்சிங்: பையன சேர்த்து ஆறு மாசம் ஆச்சு, என் ரிவ்யூ

பேரு போடல, ஏன்னா பையன் இன்னும் அங்கதான் போறான். 2025 கடைசியில மதுரையில ஜூனியர் வேர்ல்ட் கப் நடந்தப்ப ஒரு மேட்ச் காட்ட கூட்டிட்டுப் போனேன், அன்னைக்கு பிடிச்ச கிறுக்கு, கிரிக்கெட் பேட்ட பரண்ல தூக்கிப் போட்டுட்டு ஸ்டிக் வாங்கிக் குடுங்கப்பான்னு நின்னான்.

காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழு மணி வரைக்கும். செம்மண் தரைதான், டர்ஃப் எல்லாம் கிடையாது, பந்து கல்லுல பட்டு முழங்காலுக்கு எகிறும். கோச் சார் அடிப்படைய நல்லா சொல்லித் தர்றாரு, முதல் ஒரு மாசம் பந்த நிறுத்துறது மட்டும்தான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. முடிச்சுட்டு வர்ற வழியில வெள்ளப் பணியாரமும் வரமிளகா சட்னியும், அது நம்ம செலவு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் கோவில்பட்டிக்கு ஒரு மேட்ச் ஆட கூட்டிட்டுப் போனாங்க. கோவில்பட்டின்னா தெரியும்ல, அங்க சின்னப் பயலுகளே ஸ்டிக்கோடதான் திரியுவாங்க. மூணாவது குவார்ட்டர் முடியிறப்ப 1-1. என் பையன் மிட்ஃபீல்ட்ல நல்லாத்தான் ஆடிட்டு இருந்தான், ஒரு தப்புக்கு க்ரீன் கார்டு வாங்கி ரெண்டு நிமிஷம் வெளிய இருந்தத தவிர. கடைசி குவார்ட்டர்ல ஆறு நிமிஷம் இருக்கறப்ப சார் அவன வெளிய கூப்பிட்டு ஒக்கார வச்சுட்டாரு. ஹாக்கியில எத்தன தடவ வேணும்னாலும் ஆள எடுத்து திரும்ப இறக்கலாம், அதனால சரி மூச்சு வாங்கிட்டு இறங்குவான்னு நெனச்சா ஒரு நிமிஷம் ஆச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு, சார் அந்தப் பக்கமே திரும்பல.

அப்ப பார்த்து அவங்களுக்கு பெனால்டி கார்னர், அதாவது நம்ம பசங்க செஞ்ச தப்புக்கு கோல் பக்கத்துல இருந்து அடிக்கக் குடுக்குற சான்ஸ். கோல்கீப்பரோட சேர்த்து அஞ்சு பேர்தான் தடுக்க நிக்கலாம், அதுல முதல்ல பாய்ஞ்சு ஓடுறது எப்பவும் என் பையன்தான், அவன் பெஞ்சுல! எனக்கு பொறுக்கல, "சார் அவன இறக்குங்க சார்"னு கத்திட்டேன். பக்கத்துல இருந்த தேவகோட்டைக்காரர் என் கையப் பிடிச்சு, "அண்ணே, கார்னர் குடுத்துட்டா அது முடியிற வரைக்கும் ஆள் மாத்த முடியாதுண்ணே, கோல்கீப்பருக்கு அடிபட்டாலோ கார்டு விழுந்தாலோதான்"னாரு. கோல் விழுந்துச்சு. 2-1, தோத்தாச்சு.

திரும்பி வர்றப்ப வேன்ல பையன் வாயே திறக்கல, கடலமிட்டாய் பாக்கெட்டக் கூட பிரிக்கல. திருப்பத்தூர் தாண்டுனதும் மெதுவா கேட்டேன், சார் ஏதாச்சும் சொன்னாரான்னு. ஒண்ணும் சொல்லலப்பான்னான். மூணு நாள் கழிச்சு நானே போய் கேட்டதுக்கு அப்புறம்தான் காரணம் வந்துச்சு: க்ரீன் கார்டுக்கு அப்புறம் இவன் சூடாயிட்டானாம், பந்த விட்டா திரும்ப ஓடி வராம எதிராளி ஸ்டிக்கையே தட்டிட்டு இருந்தானாம், அடுத்து மஞ்சள் கார்டு வாங்குனா குறைஞ்சது அஞ்சு நிமிஷம் பத்து பேரோட ஆடணும், மிச்சம் இருந்ததே ஆறுதான சார்னாரு. கணக்கு சரிதான், நான் அவர் எடத்துல இருந்தாலும் எடுத்துருப்பேனோ என்னவோ. ஆனா இத அன்னைக்கே பெஞ்சுல குனிஞ்சு ஒரு வரி அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பதிமூணு வயசுப் பய, தன்னாலதான் தோத்துச்சுன்னு மூணு ராத்திரி தூங்கல, அவங்க அப்பத்தா விபூதி எல்லாம் போட்டுப் பார்த்தாங்க. நான் ஒன்றரை ஸ்டார் குறைச்சதே அதுக்குத்தான்.

அஞ்சுக்கு மூணரை. பீஸ் கட்டியாச்சு, அடுத்த மூணு மாசமும் அங்கதான். பையன்கிட்ட காரணத்த சொன்னப்ப "அது எனக்கே தெரியும்ப்பா, நீங்க கத்துனதுதான் மானம் போச்சு"ன்னுட்டான். இப்ப மேட்ச்னா பெத்தவங்க எல்லாம் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம்தான் ஒக்காரணும்னு சார் புதுசா ரூல் போட்டுருக்காரு, அங்க நிழலே கிடையாது, சேர்க்கிறவங்க குடை எடுத்துட்டுப் போங்க.