கடற்படை வெல்டரா, வணிகக் கப்பல் ஃபிட்டரா? அக்கா மகன் கேட்ட கேள்வி

அக்கா மகனுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதில் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் படித்தவன். அப்புறம் கடலூர் அரசு ஐடிஐயில் ஒரு வருட வெல்டர் படிப்பு. போன மாதம் முதுநகர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், "மாமா, நேவிக்கு எழுதிப் போடவா, இல்ல மெர்ச்சன்ட் கப்பலுக்குப் போவவா? ரெண்டுலயும் வெல்டிங்கும் பைப்பும்தான?" என்று கேட்டான். அன்றைக்கு அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவன் வயதில் நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் இதே கேள்வியோடு அலைகிறார்கள்.

நான் 1997இல் கடற்படையில் சேர்ந்தேன். ஒடிசாவில் சில்கா, பிறகு விசாகப்பட்டினத்துக் கப்பல்தச்சர் பள்ளி. இன்று ஐஎன்எஸ் விஸ்வகர்மா என்று சொல்வது அதைத்தான். 20 வருடம் கப்பலின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தேன். தகடு, குழாய், கதவு, வால்வு, கழிவறை எல்லாம் எங்கள் பொறுப்பு. கப்பலில் எங்களைக் கூப்பிடும் பெயர் 'சிப்பி'; கப்பல்தச்சருக்கு ஆங்கிலத்தில் வைத்த செல்லப்பெயர் அது. என் தங்கை வீட்டுக்காரர் வணிகக் கப்பலில் ஃபிட்டர். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தது இல்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர் வாயால் கேட்டதும், அவர் கைவேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான்.

சம்பளத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தடத்தில் ஓடும் கப்பலில் ஃபிட்டருக்கு மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆனால் ஒப்பந்தம் ஓடும் ஆறேழு மாதத்துக்குத்தான் அது. ஊரில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. கடற்படையில் இப்போது அக்னிவீர் ஆக, அதாவது நான்கு வருடத்துக்கு மட்டும் எடுக்கும் வீரராகச் சேர்ந்தால் முதல் வருடம் மாதம் 30,000. பிடித்தம் போகக் கைக்கு 21,000. நான்காம் வருடம் 40,000, கைக்கு 28,000. பிடித்த பணத்தோடு அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டி சேர்க்காமலே 10.04 லட்சம் தருகிறது. சாப்பாடு, உடை, மருத்துவம் செலவில்லை. மொத்தமாகப் பார்த்தால் பணத்தில் வணிகக் கப்பல்தான் மேல். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஓய்வூதியத்தை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். என்னைக் காட்டி, "உங்க மாமா மாதிரி பென்ஷன் வரும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். 2022இல் இந்த அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. சேர்வது நான்கு வருடத்துக்கு. அதன் பிறகு அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. எனவே பென்ஷனை நம்பி நேவிக்குப் போகாதே என்பதுதான் நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

அப்படியிருந்தும் நான் கடற்படைப் பக்கம் சாய்கிறேன் என்றால், காரணம் ஒன்றுதான்: கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது.

சேர்ந்த நான்காம் வருடம் நடந்தது இது. கடல்நீர்க் குளிர்விப்புக் குழாய் ஒன்றில், எல்போ என்கிற வளைவுத் துண்டை ஒட்டி ஊசி முனை அளவுக்கு ஓட்டை. தாமிர நிக்கல் குழாய். நூற்றுக்குத் தொண்ணூறு தாமிரம், பத்து நிக்கல். வெல்டு வைத்து அடைத்துவிட்டு, சுத்தமாகத் தேய்த்து, பெயின்டும் அடித்துவிட்டேன். என் சீஃப், அதாவது பிரிவின் மூத்தவர், வந்து பார்த்தார். கொச்சிக்காரர். ஒன்றும் திட்டவில்லை. அந்த எல்போவையே கழற்றச் சொல்லி, நீளவாக்கில் அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் விளக்கடியில் வைத்துக் காட்டினார். உள்சுவர் முழுக்கக் குதிரைக் குளம்படி போலச் சின்னச் சின்னக் குழிகள். "தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது?" என்று கேட்டார். காட்டினேன். குளம்படிகள் எல்லாம் நீரோட்டத்தை எதிர்த்துக் குதிரை நடந்து போனது போல இருந்தன. அதாவது தண்ணீர் சுழித்துச் சுழித்து, குழாயின் உள்ளே தானாகப் படியும் காப்புப் படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏன் சுழித்தது? எல்போவுக்கு ஒரு சாண் முன்னால் இருந்த வால்வை யாரோ பாதி திறந்தபடியே மாதக்கணக்கில் விட்டிருந்தார்கள். வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, நீரின் அளவைக் குறைக்க வேண்டுமானால் வேறு இடத்தில் குறைக்க ஏற்பாடு செய்தோம். நான் அந்தக் கப்பலில் இருந்தவரை அந்த இடத்தில் மறுபடி ஓட்டை விழவில்லை.

இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்திருக்க மாட்டேன். படித்திருந்தாலும் மண்டையில் ஏறியிருக்காது.

கழிவறைக் குழாயும் அப்படித்தான். வெளியே இருப்பவர்களுக்கு அது கேவலமான வேலையாகத் தெரியலாம். கடல்நீரில் ஃபிளஷ் செய்யும் கப்பலில் சிறுநீரும் உப்புநீரும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்புக் கல்லாகக் கட்டும். நான்கு அங்குலக் குழாயை வெட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் போகும் அளவுக்குத்தான் வழி இருக்கும். எங்கே ஆசிட் விட்டுக் கரைக்கலாம், எங்கே ஆசிட் போனால் கேஸ்கட்டையும் சேர்த்துத் தின்றுவிடும், எந்தத் துண்டை வெட்டி எறிவதுதான் வழி என்பதெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததால் வந்தது. 250 பேர் இருக்கும் போர்க்கப்பலில் கழிவறை ஒருநாள் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெல்டிங், கட்டிங் மாதிரி நெருப்புப் பொறி பறக்கும் சுடுவேலைக்கான ஒழுங்கையும் அங்கேதான் படித்தேன். தகட்டில் டாக் (தகட்டை நிறுத்தி வைக்கும் சின்ன வெல்டு) அடிக்கும் முன் அதன் மறுபக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தீயணைப்பானோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் நகரக்கூடாது. டேங்க் என்றால் வாயு சோதித்துச் சீட்டு வந்தால்தான் உள்ளே இறங்கலாம். அப்புறம் லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜி என்ற கரைப் பயிற்சித் தளத்தில், கப்பல் போல ஆடும் அறைக்குள் எங்களை விட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் மர ஆப்பு அடித்து, கட்டைமுட்டுக் கொடுத்து ஓட்டையை நிறுத்த வேண்டும். பிளம்பர் வேலை உயிர்காக்கும் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது தங்கை வீட்டுக்காரர் பக்கம். இருபது இருபத்தைந்து பேர் இருக்கும் கப்பலில் ஃபிட்டர் என்று பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். செகண்ட் இன்ஜினியர் காலையில் வேலையைச் சொல்வார். சாயங்காலம் முடிந்திருக்க வேண்டும். வெல்டிங், பைப், லேத், இன்ஜின் ஓவர்ஹால் எல்லாம் அவர் தலையில். "எனக்கு அங்க யாரும் கத்துக்குடுக்கல மச்சான், தெரிஞ்சவன்னு நம்பித்தான் ஏத்துனாங்க" என்பார். எட்டு வருடம் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். அதனால் சமாளித்தார். ஐடிஐ முடித்த கையோடு ஒரு பையன் அந்த இடத்தில் போய் நின்றால், தப்பைத் தப்பென்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

கடற்படையின் குறையையும் சொல்ல வேண்டும். வெல்டிங் ராடு எரிக்கும் அளவு, அதாவது கையால் வெல்டு வைக்கும் வாய்ப்பு, குறைவு. காவல் முறை, துப்புரவு, பெயின்ட், அணிவகுப்பு என்று நாள் போய்விடும். கப்பல் தளத்து வெல்டர் ஒரு நாளில் எரிப்பதை நான் ஒரு வாரத்தில்கூட எரிக்காத காலங்கள் உண்டு. வெளியே வந்ததும் அது தெரிந்தது. சாய்வாக நிறுத்திய குழாயில் வைக்கும் 6ஜி என்ற வெல்டர் சோதனையில் முதல் தடவை ரூட் (அடியில் வைக்கும் முதல் வெல்டு) சரியாக இறங்கவில்லை. இரண்டு மாதம் பழகி மறுபடி சோதனை கொடுத்துத்தான் தேறினேன். அந்தச் சான்றிதழும் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு செய்யாமல் விட்டால் காலாவதிதான். நேவியில் இருந்தேன் என்ற ஒரு வார்த்தையை வைத்து எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று: எந்தப் பிரிவு என்பதைக் கடைசியில் படைதான் தீர்மானிக்கும். வெல்டர் படித்தவன் என்பதால் வெல்டிங்தான் கிடைக்கும் என்று உறுதி இல்லை. நான்கு வருடத்தில் எவ்வளவு கைவரும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. எனக்கு ராடு நிதானம் வரவே மூன்று வருடம் ஆனது. நான் படித்த காலம் போல நீண்ட பயிற்சி இப்போது எல்லோருக்கும் வாய்க்காது.

வணிகக் கப்பல்தான் என்று முடிவெடுப்பவர்கள் ஏஜென்ட் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தருவதற்கென்று கப்பலாளியிடம் பணம் வாங்கக்கூடாது. என் தெருவில் ஒரு பையன் நிலத்தை அடகு வைத்து மூன்று லட்சம் கட்டினான். சிடிசி புத்தகம் (கப்பலாளிக்கான அடையாளப் புத்தகம்) கைக்கு வந்தது, கப்பல் வரவில்லை.

வயதுக் கணக்கும் இருக்கிறது. அக்னிவீருக்கு 17½ முதல் 21 வரைதான். வணிகக் கப்பல் ஃபிட்டருக்கு 30 வயதிலும் வழி உண்டு. அனுபவம் கூடக் கூட மதிப்பும் கூடும். நேவி முடித்து 23, 24 வயதில் சேமநிதியோடு வெளியே வந்து, ஒரு தளத்தில் இரண்டு வருடம் ராடு எரித்து, 6ஜி எடுத்து, வணிகக் கப்பல் ஏறலாம். திருப்பிப் போட்டால் நடக்காது.

அக்கா மகன் எழுதிப் போட்டுவிட்டான். உடற்தகுதிக்கு 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும். விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஓடுகிறான். நான் கடிகாரத்தோடு நிற்கிறேன். நேற்று ஆறு நிமிடம் ஐம்பது நொடி. இன்னும் இருபது நொடி குறைக்க வேண்டும்.