நீல லேசர் டிரைவர்: எல்லாம் நன்று, அந்தத் திருகு மட்டும் இல்லாவிட்டால்

கிண்ணியாவில் உள்ள நண்பர் ஒருவர், சிரட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் எழுத்துப் பொறிப்பதற்கு நீல லேசர் ஒன்றைத் தாமே அமைக்கப்போவதாகச் சொல்லி, நான் பாவிக்கும் டிரைவரையே, அதாவது லேசருக்கு அளவான மின்னோட்டத்தை வழங்கும் மின்சுற்றுப் பலகையையே, வாங்கலாமா என்று கேட்டார். அந்த டிரைவரை அண்மையில்தான் கழற்றித் திருத்தினேன் என்பதால், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் அதற்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். 12 வோல்ட் வழங்கியில் இயங்கும் இந்த ஆளிமுறைப் பலகை (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு வழங்கி வீணாகும் வெப்பத்தைக் குறைப்பது), 450 நனோமீற்றர் நீல ஒளியைத் தரும் லேசர் டயோட் ஒன்றுக்கு 1 அம்பியரை மணிக்கணக்காக வழங்கியும், விரல் வைக்க முடியாத அளவுக்கு ஒருநாளும் சூடானதில்லை. இதே வேலையை, மிகையான வோல்ட் அளவை வெப்பமாகவே கழிக்கும் எல்எம் 317 என்ற சீராக்கிச் சில்லைக் கொண்டு செய்தால், டயோடுக்கு வேண்டிய 5 வோல்ட் அளவு போக எஞ்சியதெல்லாம் வீணாகி, ஏறத்தாழ 7 வாட் வெப்பத்தை வெளியேற்ற வழி தேடவேண்டியிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து வரும், லேசரை வேகமாக ஏற்றி அணைத்து அதன் வலுவைக் கூட்டிக் குறைக்கும் துடிப்புச் சைகையையும் இது பிசகாமல் பின்பற்றுகிறது. ஒட்டுப்பலகையில் முகமொன்றைப் பொறிக்கும்போது கன்னத்தின் வெளிர்மை படிப்படியாகக் கருத்துத் தாடையின் நிழலாக மாறுவதைப் பார்ப்பது இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள், மின்னோட்டத்தை அமைக்கும் இடத்தில் மூடியில்லாத, ஒரு சுற்றுக்கும் குறைவாகவே திரும்பக்கூடிய, மலிவான சிறு மாறுந்தடையி (திருகைத் திருப்பித் தடையைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) ஒன்றை வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லேசர் டயோட் சாதாரண மின்குமிழ் அல்ல. அதன் வோல்ட் அளவு சற்றே கூடினாலும் மின்னோட்டம் செங்குத்தாக ஏறும்; சூடேறச் சூடேற அதற்கு வேண்டிய வோல்ட் அளவு குறைவதால், மாறா வோல்ட் வழங்கியில் நேரே இணைத்தால் மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுத்துத் தன்னையே அழித்துக்கொள்ளும். எல்லையைக் கணப்பொழுது தாண்டினாலும் ஒளி வெளிவரும் முகப்புக் கருகிவிடும். அதன்பின் அது மங்கலாக ஒளிருமே தவிர, எதையும் எரிக்காது. இத்தகைய பொருளைக் காக்கவேண்டிய ஒரே பாகத்தில் சிக்கனம் பார்ப்பது சரியான வடிவமைப்பு என்று என்னால் ஏற்கமுடியாது.

கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தக் குறை இருமடங்கு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்பும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே வந்து படிகின்றன. மூடியில்லாத அந்தத் தடையியின் கரித்தடத்தின் மேல் வெண்மையான பூப்புப் படர்ந்திருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியால் தெளிவாகக் கண்டேன். லேசரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 1என்5408 டயோட்கள் ஐந்தையும் 1 ஓம் 5 வாட் தடையி ஒன்றையும் லேசருக்குப் பதிலான போலிச்சுமையாகத் தொடராக இணைத்து, தடையியின் குறுக்கே மல்டிமீற்றரை வைத்தேன். 1 ஓம் என்பதால் மீற்றர் காட்டும் மில்லிவோல்ட்டே மில்லி அம்பியர் ஆகும். 1000 இல் அமைத்திருந்த அளவு, திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அந்த மாறுந்தடையியை மெதுவாகத் தட்டியபோது 1300 ஐத் தாண்டித் துள்ளிவிட்டு மீண்டும் இறங்கியது. என் பலகையில் அது, மின்னோட்டத்தை அளந்து திருத்தும் பின்னூட்டச் சுற்றில் இருப்பதால், தொடுமுனை இலேசாக விலகினாலே மின்னோட்டம் மேல்நோக்கிப் பாய்கிறது. இயந்திரத்தின் தலை முன்னும் பின்னும் ஓடும்போது எழும் அதிர்வில் இது எத்தனை தடவை நடந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது.

வாங்கும் இடத்திலேயே இந்தக் கவலை தொடங்குகிறது. திருகோணமலை நகரில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடைகளில் தடையி, கொள்ளளவி, எல்எம் 317 போன்றவை கிடைக்கும்; லேசர் டிரைவருக்குக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகவேண்டும் அல்லது சீனாவிலிருந்து தபாலில் எடுப்பிக்கவேண்டும். நான் எடுப்பித்த பொதியில் உச்ச அளவு மட்டும் பெருமையாக எழுதப்பட்டிருந்தது. பலகை எந்த மின்னோட்டத்தில் அமைக்கப்பட்டு அனுப்பப்படுகிறது என்ற, எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி எங்கும் இல்லை. ஆகவே புதிய பலகை எதையும் மேற்சொன்ன போலிச்சுமையில் அளந்த பிறகே லேசருடன் இணைக்கவேண்டும். சுமையைக் கழற்றியபின் வெளியீட்டுக் கொள்ளளவியில் வழங்கியின் முழு வோல்ட் அளவும் தங்கியிருக்கக்கூடும். வழங்கியை நிறுத்தி, அதைத் தடையியொன்றின் வழியாக வெறுமையாக்கிய பின்னரே டயோடைத் தொடுங்கள். துடிப்புச் சைகை வரும் முனைக்கும் புவிக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையி ஒன்றையும் பற்றாசு வையுங்கள். என் பலகையில் அந்த முனை வெறுமனே விடப்பட்டால் லேசர் எரிகிறது, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் வேளையில் அது மிகவும் ஆபத்தானது. 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு லேசர்கள். சிதறி வரும் ஒளியும் கண்ணைக் கெடுக்கலாம் என்பதால், 450 நனோமீற்றருக்கு உரிய கண்ணாடி இல்லாமல் அமைப்பு வேலையைத் தொடங்கவே கூடாது.

திருத்த வேலை எளிதாகவே முடிந்தது. பழைய தடையியை அகற்றி, அடைப்புடன் வரும் 25 சுற்று மாறுந்தடையியை இட்டு, போலிச்சுமையில் 1000 இற்கு அமைத்து, திருகின் தலையில் நகப்பூச்சு வைத்து அசையாமல் செய்தேன். இப்போது தட்டினாலும் குலுக்கினாலும் அளவு மாறுவதில்லை, பொறிப்பும் முன்னரைவிடச் சீராக இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், சில ரூபாய்ப் பாகமொன்றை மாற்றியதும் இது நான் பாவித்தவற்றுள் மிகச் சிறந்த டிரைவராகிவிட்டது என்றுதான் எழுதவேண்டும்.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்கவேண்டாம் என்பதே. டயோட் டிரைவரைவிடப் பலமடங்கு விலை உயர்ந்தது. அதைப் பணயம் வைத்துப் பிறர் விட்ட குறையை நாங்கள் திருத்தவேண்டியதில்லை. சற்றுக் கூடுதல் விலையானாலும், அடைப்புள்ள பலசுற்றுத் தடையி படத்தில் தெளிவாகத் தெரியும் பலகையைத் தேடட்டும். சிறு சிவப்பு டயோடில் பழகிப்பார்ப்பதானால் எல்எம் 317 உம் 12 ஓம் தடையியுமே போதும், 1.25 ஐ 12 ஆல் வகுத்தால் 104 மில்லி அம்பியர் வரும், அந்த டயோட் அதைத் தாங்குமா என்று தரவுத்தாளில் பார்த்துக்கொண்டால் சரி. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார் என்றால், லேசரை இணைக்கும் முன் பலகையை என்னிடம் எடுத்து வரட்டும். போலிச்சுமை மேசையிலேயே இருக்கிறது.