ஹிரோஷிமா ஆயுட்கால ஆய்வின் தரவுக் கோப்புகள்: ஒரு மதிப்பீடு

உலகின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வரம்புகளில் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களின் ஆயுட்கால ஆய்வை நம்பித்தான் நிற்கிறது. அதை நடத்துவது ஆர்இஆர்எஃப் (கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு அறக்கட்டளை) நிறுவனம். 1947 முதல் இயங்கிய ஏபிசிசி (அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம்) 1975-ல் இந்த வடிவம் எடுத்தது. ஆய்வறிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணைகளை அது தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. இவ்வளவு பெரிய, இவ்வளவு நீண்ட தரவு இலவசமாகக் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் திறந்தவுடன் வேலை தொடங்கிவிடலாம் என்று நினைத்தால் கை சுடும்.

முதலில் புரிய வேண்டியது, கோப்பில் ஒரு வரி ஒரு மனிதர் அல்ல. நகரம், பாலினம், வெடிப்பின்போது வயது, எட்டிய வயது, டோஸ் (உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவு) பிரிவு என்று கூறுபோட்ட ஒரு கட்டம்தான் ஒரு வரி. அதில் எத்தனை ஆள்-ஆண்டுகள் (ஒவ்வொருவரும் கண்காணிக்கப்பட்ட ஆண்டுகளின் கூட்டல்), எத்தனை மரணங்கள் என்பதே தகவல். டோஸ் என்பதும் அந்தக் கட்டத்தின் சராசரி. எனவே வரிகளை எண்ணிச் சதவீதம் எடுப்பது தவறு. ஆள்-ஆண்டை வகுஎண்ணாக வைத்து பாய்சான் ரெக்ரஷன் (எண்ணிக்கைகளுக்கான புள்ளியியல் மாதிரி) செய்ய வேண்டும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் அடுத்தது. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் வழக்கமான லாக் இணைப்போடு ஓட்டினால் டோஸ் விளைவு அடுக்குக்குறியாக ஏறும். அதிக டோஸில் வளைவு கண்டபடி பறக்கும். அறிக்கைகள் பயன்படுத்துவது அடிப்படை விகிதம் × (1 + β × டோஸ்) என்ற கூடுதல் ஒப்பீட்டு அபாய வடிவம்; β என்பது ஓர் அலகு டோஸுக்கு அபாயம் எவ்வளவு பங்கு கூடுகிறது என்பது. எபிக்யூர் மென்பொருள் இதை நேரடியாகச் செய்யும். அது இல்லையென்றால் லைக்லிஹுட் சார்பை (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் சார்பு) நீங்களே எழுத வேண்டியதுதான். β-வுக்குத் தொடக்க மதிப்பாக 0.3 கொடுங்கள். அடைப்புக்குள் இருப்பது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் தடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க இந்த ஆய்வின் 14-வது இறப்பு அறிக்கையே அளவுகோல். 1950 முதல் 2003 வரை, டோஸ் மதிப்பீடு உள்ள 86,611 பேர். 30 வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி 70 வயதை எட்டியவருக்கு, ஆண் பெண் சராசரியாக, திடக்கட்டிப் புற்றுநோய் மரணத்தின் கூடுதல் அபாயம் கிரேக்கு (டோஸின் அலகு) 0.42, அதாவது 42 சதவீதம் அதிகம். இந்த எண்ணை எட்ட வெடிப்பின்போதைய வயதை (வயது − 30)/10 என்றும், எட்டிய வயதை வயது/70-ன் லாக் ஆகவும் மாற்றி வையுங்கள். 0.42 பக்கத்தில் கூட வரவில்லையா? அலகைப் பாருங்கள்: மில்லிகிரேயைக் கிரே என்று எடுத்திருந்தால் β ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

டோஸிலும் பல விவரங்கள் ஒளிந்திருக்கின்றன. அது காமாவோடு நியூட்ரானைப் பத்து மடங்கு எடையிட்டுக் கூட்டியது. திடக்கட்டிகளுக்குப் பெருங்குடல் டோஸ், ரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை டோஸ். 4 கிரேக்கு மேற்பட்ட கெர்மா (கதிர்வீச்சு பொருளுக்குக் கைமாற்றும் ஆற்றலின் அளவு) 4-ல் வெட்டப்பட்டிருக்கும். டோஸைக் கணக்கிடும் இரு முறைகளான டிஎஸ்86 (1986), டிஎஸ்02 (2002) ஆகியவற்றின் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டவே கூடாது.

2017-ல் வந்த நோய்நிகழ்வு அறிக்கை இன்னும் சுவாரசியமானது: 1958–2009, 105,444 பேர், 22,538 திடக்கட்டிகள். பெண்களுக்கு நேர்கோடு, கிரேக்கு 0.64, ஆண்களுக்கு மேல்நோக்கி வளையும் கோடு. குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாத 25,239 பேரும் இதில் அடக்கம். அவர்களின் அடிப்படை விகிதம் சற்று வேறு என்பதால் தனி மாறி கொடுக்காமல் வெறும் 'பூஜ்ஜிய டோஸ்' என்று கலந்துவிடாதீர்கள்.

குறைகள் தரவில் இல்லை, ஆய்வின் பிறப்பிலேயே இருக்கின்றன. இறப்புத் தொடர்கண்காணிப்பு 1950 அக்டோபரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ரத்தப் புற்றுகள் கணக்கில் இல்லை. 86,611 பேரில் சுமார் 68,500 பேரின் டோஸ் 0.1 கிரேக்குக் கீழ்தான். எண்ணிக்கை பெரிது என்றாலும் அங்கே விளைவு சிறிது. பிழை எல்லை அகலமாகவே வரும். இது ஒரே நொடியில் பட்ட கதிர்வீச்சு என்பதையும் மறக்கக் கூடாது. பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேரும் டோஸைப் பற்றிய கேள்வி என்றால் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா நாடுகளின் 309,932 அணுசக்தி ஊழியர்களை ஆராய்ந்த இன்வொர்க்ஸ் ஆய்வுக்குத்தான் போக வேண்டும். 2023-ல் அது தந்த எண் கிரேக்கு 0.52. ஆனால் அந்தத் தரவை இப்படித் தரவிறக்கிக்கொள்ள முடியாது. கட்டுரையோடு திருப்திப்பட வேண்டும்.